அளந்தெடுத்த முகம்

இடுப்பிலிருந்து நூலை உருவிப் பிணத்தின் மூக்கை அளந்தான் அங்கமுத்து. நெற்றியை அளந்தான், தாடையை அளந்தான். அளந்த இடத்துக்கெல்லாம் நூலில் ஒரு முடிச்சுப் போட்டுக்கொண்டான்.

வரிசையில் நின்ற தோட்டத்து ஜனங்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுப்பம்மா பக்கத்துச் சாக்கடையில் காறித் துப்பினாள்.

"தூ! இவனெல்லாம் ஒரு மனுஷன்!"

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டில் சுட்டுக் கொன்ற கம்யூனிஸ்ட் ஆளை லாரியில் கொண்டுவந்து போலீஸ் ஸ்டேஷன் வாசலில் போட்டுவிட்டு, ரெம்பியா சுற்றுவட்டாரத் தோட்டத்து ஆட்களையெல்லாம் வரிசையாக வந்து பார்க்கச் சொல்வார்கள். தெரியும் என்று எவனாவது வாயைத் திறந்தால் குடும்பத்தோடு தடுப்பு முகாமுக்கு லாரியில் ஏற வேண்டியதுதான். அதனால் எல்லாரும் அரைப் பார்வை பார்த்துவிட்டு, போலீஸ் சார்ஜனிடம் "தெரியாது துவான்" என்று சொல்லித் தப்பித்து ஓடிவிடுவார்கள்.

அங்கமுத்துவும் "தெரியாது துவான்" என்றுதான் சொன்னான். சொன்னவன் ஓடவேண்டியதுதானே? சார்ஜனைக் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.

"நான் சாமி சிலை செய்றவன் துவான். கொஞ்சம் மொகத்தப் பாத்துக்கிறேன்."

சார்ஜன் சிரித்துக்கொண்டே கையை அசைத்தான். அங்கமுத்து மண்டியிட்டு உட்கார்ந்து, தோள் துண்டை வாளித் தண்ணீரில் நனைத்து, பிணத்தின் முகத்தில் அப்பியிருந்த சேற்றைத் துடைத்தான். சேறு இருந்தால் அளவு சரியாக வராதாம்! துடைத்த துண்டைத் தூர எறிந்தானா என்றால் அதுவும் இல்லை. மடித்துத் தோளில் போட்டுக்கொண்டே திரும்பி வந்தான், கருமம்.

வழியில் சுப்பம்மா மறித்துக்கொண்டாள்.

"ஏய்யா, செத்தவன் மூஞ்சியத் தொட்டுத் தடவுறியே, கூசல ஒனக்கு?"

"மொகம் மறந்து போச்சுன்னா மறுபடி பாக்க முடியாதுக்கா. அதான் அளந்துகிட்டேன்."

தோட்டத்து முனியாண்டி கோயிலுக்குச் சிலை செய்ய, செர்காம் ஊரிலிருந்து அவனை வரவழைத்தவர் கங்காணி ரங்கசாமி. பெண்டாட்டி கமலவேணியோடு காலியாகக் கிடந்த தொழிலாளர் லயத்து வீட்டில் குடியேறியிருந்தான்; ஒரே மகனுக்குச் சிங்கப்பூரில் வேலை என்றார்கள். சிலையின் உடம்பு அருமையாக வந்துவிட்டது. முகம்தான் வந்து தொலையவில்லை.

முதலில் வைத்த முகத்தைப் பார்த்து, "முனியாண்டியா, மளிகைக்கடை மொதலாளியா?" என்று ரப்பர் பால் தூக்கும் பெண்கள் சிரித்தார்கள். அடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டு, "உசுரே இல்லியேய்யா இதுல" என்று கங்காணியே உடைக்கச் சொன்னார். உயிருள்ள முகம் தேடி அலைந்தவனுக்குக் கடைசியில் செத்தவன் முகம்தான் அகப்பட்டது.

அன்றைக்கு அவன் வீட்டில் அடுப்பு எரியவில்லை. காய்ச்சல் என்று ஸ்டேஷனுக்கு வராமல் படுத்திருந்த கமலவேணி, அதற்குப் பிறகு அவனோடு ஒரு வார்த்தை பேசவுமில்லை. அவளுக்கு இருக்கிற ரோஷத்தில் பாதி அவனுக்கு இருக்கக் கூடாதா என்று லயமே பேசிக்கொண்டது.

அங்கமுத்து எதையும் காதில் வாங்கவில்லை. முடிச்சுப் போட்ட நூலை வைத்துக்கொண்டு சிமெண்டைக் குழைத்துக் குழைத்து அப்பினான், வழித்தான், மறுபடி அப்பினான். திருவிழாவுக்கு முந்தின நாள் மத்தியானம் சாக்குத் திரையை விலக்கினான்.

கூட்டம் ஓரடி பின்வாங்கியது. வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது, அதுதான் வினை. அதே மூக்கு, அதே நெற்றி. ஸ்டேஷன் வாசலில் கிடந்தவன் கையில் அரிவாளோடு எழுந்து உட்கார்ந்திருந்தான்.

"அடப்பாவி!" ரங்கசாமி முன்னால் பாய்ந்து வந்தார். "பொணத்துக்கா சூடம் காட்டச் சொல்றே? போலீஸ்காரன் கண்ணுல பட்டா மொத்த லயத்தையும் லாரியில ஏத்திருவான்லா! ஒடைடா அத!"

அங்கமுத்து அவர் காலைப் பிடித்துக்கொண்டான்.

"ஒரே ஒரு தடவ சூடம் காட்டட்டும்ண்ணே. திருவிழா முடிஞ்சதும் நானே ஒடைச்சிடுறேன்."

"பேர் வாங்குற வெறி புடிச்சி அலையிறான் பாரு!" என்றாள் சுப்பம்மா.

கங்காணி காலை உதறிக்கொண்டார். மூலையில் கிடந்த சுத்தியலை எடுத்து அவன் முன்னால் போட்டார்.

"இப்பவே ஒடைக்கிறே. இல்லன்னா நானே ஸ்டேஷனுக்கு ஆள் அனுப்புவேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்க யாருக்கும் மனசு வரவில்லை. எல்லாரும் வெளியே வந்து மரத்தடியில் நின்றுகொண்டார்கள். அப்போதுதான் கமலவேணி தலைவிரி கோலமாக வந்து சேர்ந்தாள்.

சுப்பம்மா அவளுக்கு வழிவிட்டாள். "போ தங்கச்சி, நீயாவது நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்த கேளு."

கமலவேணி உள்ளே போனாள். சிலைக்கு முன்னால் நின்று அந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அங்கமுத்து அவளை ஏறெடுத்துப் பார்க்காமல் சுத்தியலை ஓங்கினான்.

அவள் அவன் கையைப் பிடித்தாள். சிலையின் ஈரம் காயாத கன்னத்தைக் காட்டி, வெளியே கேட்காத குரலில் சொன்னாள்:

"இருங்க. நம்ம புள்ள சிரிச்சா இந்தக் கன்னத்துல குழி விழும். அத வச்சிட்டு ஒடைங்க."