கடிக்காத கேரட்

பள்ளிக்கூடப் படியில் கிடந்த சிப்ஸ் பாக்கெட்டை இரண்டு விரலால் தூக்கிய சுகாதார அதிகாரி முகத்தைச் சுளித்தார்.

"சீ! இதையா பிள்ளைங்க தின்னுது?"

தலைமையாசிரியை பதறினார். "அது யாரோ வெளியாள் போட்டது சார். நம்ம பிள்ளைங்க கேரட்தான். நீங்க கேட்ட போட்டோ ரெடி."

அவரைத் தன் அறையில் உட்காரவைத்து, ஆல்பத்தைக் கையில் கொடுத்துவிட்டு டீ சொல்லப் போனார்.

பக்கத்துக்குப் பக்கம் பிள்ளைகள். ஒவ்வொரு வாயிலும் ஒரு கேரட் துண்டு. அதிகாரிக்கு மனசு குளிர்ந்தது. மேசைமேல் தட்டில் இருந்த துண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டு மென்றார். கொஞ்சம் வதங்கல்தான், பரவாயில்லை.

வாசலில் நின்ற சிறுமியைக் கூப்பிட்டார்.

"கேரட் எப்படி இருந்துச்சு பாப்பா?"

"தெரியாது சார். கடிக்கவே கூடாதுன்னு டீச்சர் சொல்லிட்டாங்க. பல்லுல கவ்விக்கிட்டு நிக்கணும். போட்டோ எடுத்ததும் துடைச்சுத் தட்டுல வெச்சிரணும். இதுவரைக்கும் நாலு வகுப்புக்கும் இதே துண்டுங்கதான்."

அதிகாரியின் தாடை அப்படியே நின்றது.

சிறுமி தட்டை எட்டிப் பார்த்தாள். உடனே வாசலுக்கு ஓடிப்போய்க் கத்தினாள்.

"டீச்சர்! அஞ்சாம் வகுப்புக்கு இன்னும் போட்டோ எடுக்கல, அதுக்குள்ள சார் ஒண்ணைத் தின்னுட்டாரு!"