பழைய ஜிபிஎஸ்ஸில் ஒரு பாறை

தேங்காய்ப்பட்டணம் கரையில், வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, அப்பா ராஜமணியின் பழைய ஜிபிஎஸ்ஸில் குறித்திருக்கும் இடங்களைப் புதியதில் ஏற்றுகிறான் அனீஷ். “இந்தக் கறுப்பு வெள்ளத் திரைய வச்சா இத்தன வருசம் ஓட்டினிய? புதுசுல கலர் மேப்பே உண்டு.” ராஜமணி வலையின் கிழிசலை முடிந்தபடி சிரிக்கிறார். மீன் அடையும் கடலடிப் பாறைகள் ஒவ்வொன்றும், முதலில் கண்டவர் பெயரிலேயே வரிசையாக வருகின்றன. நடுவில் ‘அனீஷ், 2005’. முதல் நாள் கடலில் வாந்தியெடுத்துத் துவண்டபோது, அவன் கைதவறி விட்ட தூண்டில் ஈயம் பாறையில் தட்டிய இடம். “அதோட நான் கடலுக்கே வரலியேப்பா.” “கண்டது நீதானல மக்கா. உன் மொத கம்ப்யூட்டரே அந்தப் பாறையில பட்ட மீன வித்து வாங்கினதுதான்.” நிழல் விலகி வெயில் ஏறுகிறது. கலர்த்திரையில் ஒன்றும் தெரியவில்லை. பழையதில் மட்டும் அவன் பெயர் தெளிவாக நிற்கிறது.