சேர்ந்தே இறங்குவோம்

“லோயர் கேம்ப் ஒன்னு” என்று ரூபாய் நோட்டை நீட்டினார் சுருளியாண்டி.

நிமிர்ந்து பார்த்த கண்டக்டர் பங்கிராஸின் முகம் வெளிறியது. “மாப்ள, ஒனக்கு எதுக்கு டிக்கெட்டு? பாஸ் இருக்குல்ல?”

“உன் வண்டியில ஓசியில வர நான் ஏறல. டிக்கெட்ட அடி.”

பங்கிராஸ் மெஷினில் அடித்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தான். தேனி பஸ் ஸ்டாண்டை விட்டு வண்டி வெளியே திரும்பியது.

ஸ்டேரிங்கில் இருந்தவன் வினோத்ராஜ் என்ற இளவட்டம். போன மாதம் வரை அது சுருளியாண்டியின் சீட்டு. முப்பது வருடமாக அரசு பஸ் ஓட்டியவர். அவர் ஸ்டேரிங் பிடித்தால் விசில் பங்கிராஸுடையது என்பது கம்பம் வரைக்கும் எல்லா ஊருக்கும் தெரியும்.

ரிட்டையர் ஆக இன்னும் இரண்டு வருடம் கிடந்தது. அதற்குள் விருப்ப ஓய்வு என்ற பேச்சை எடுத்ததே பங்கிராஸ்தான்.

“அறுபது வரைக்கும் ஓட்டி என்னத்தக் காணப் போறோம்? கை கால் நல்லா இருக்கும்போதே பென்சன வாங்கிருவோம். சுருளிப்பட்டியில ஒரு திராட்சைத் தோட்டத்தக் குத்தகைக்குப் பிடிப்போம். சேந்து ஏறுனோம், சேந்தே இறங்கிருவோம் மாப்ள.”

சுருளியாண்டியின் மனைவி பஞ்சம்மாளுக்கு இதில் சம்மதமே இல்லை. “அவுக பேச்சக் கேட்டு வேலைய விட்றாதீக. ரெண்டு வருசம் பொறுத்தா பென்சனும் கூட வரும். என்ன அவசரம் உங்களுக்கு?”

“பங்கிராஸ் எனக்குக் கெடுதல் சொல்லுவானா?” என்று சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

ஆர்டர் வந்தது. கடைசி டிரிப் முடிந்த அன்று கழுத்தில் மாலை போட்டதும் பங்கிராஸ்தான். போட்டுவிட்டு, டிப்போவே பார்க்க அவரைக் கட்டிக்கொண்டு அழுதான். “எனக்கு அடுத்த வாரம் ஆர்டர் வந்துரும்” என்றான். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. போன் போட்டால், டியூட்டியில் இருக்கிறேன் என்று வைத்துவிடுவான்.

இன்று காலை பென்சன் விஷயமாக டிப்போவுக்குப் போன சுருளியாண்டி, அப்படியே நண்பனுடைய ஆர்டரையும் விசாரித்தார். ஆபீஸில் இருந்த ஹேமாவதி ஒன்றும் புரியாமல் பார்த்தாள்.

“அவுகளா? அவுக எழுதியே குடுக்கலையேண்ணே! உங்க ஆர்டர சீக்கிரம் போடுங்கன்னுதேன் மேனேஜர்கிட்ட வந்து வந்து நின்னாக.”

அவருக்குக் காது அடைத்துக்கொண்டது. படி இறங்கியது தெரியவில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு வந்தது தெரியவில்லை. பங்கிராஸ் போகும் இந்த வண்டியைத் தேடி ஏறி உட்கார்ந்தார்.

வண்டி சின்னமனூரைத் தாண்டியது. பங்கிராஸ் டிக்கெட் போட்டு முடித்து, பின்பக்கக் கண்டக்டர் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்தான். அதைப் பார்த்ததும் சுருளியாண்டிக்கு வயிறு எரிந்தது.

அவர் ஓட்டியபோது கடைசி ஒரு வருடமும் பங்கிராஸ் அந்த சீட்டில் உட்கார்ந்ததே இல்லை. வண்டி காலியாகக் கிடந்தாலும் முன்னால் வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் பக்கத்திலேயே நிற்பான். கேட்டால், “ஒக்காந்தா இடுப்பு வலிக்குது மாப்ள” என்பான். ஆளில்லாத ரோட்டில் திடீரென்று, “மாப்ள! நேத்து என்ன கொழம்பு?” என்று கத்துவான். இந்தப் பையனிடமோ ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை பிரியமும் தன்னை வேலையை விட்டு அனுப்பத்தானா?

லோயர் கேம்ப் வந்தது. சனங்கள் இறங்கினார்கள். வினோத்ராஜ் டீக்கடைக்குப் போனான்.

“ஏலே, கீழ இறங்கு” என்றார் சுருளியாண்டி. பங்கிராஸ் இறங்கி, வண்டி நிழலில் தலை குனிந்து நின்றான்.

“திராட்சைத் தோட்டம் எங்கனடா இருக்கு? என்னைய இறக்கி விட்டுட்டு நீ மட்டும் அறுபது வரைக்கும் ஓட்டிக்கிருவ, என்ன? பஞ்சம்மா தலைப்பாடா அடிச்சுக்கிட்டா. கட்டுனவ பேச்சக் கேக்காம உன்னையத்தேன்டா நம்புனேன்.”

“நான் எழுதிக் குடுக்குறதா இருந்ததே இல்ல மாப்ள” என்றான் பங்கிராஸ், தலையை நிமிர்த்தாமல். “எனக்கு என்ன வந்துச்சு, வேலைய விட?”

சுருளியாண்டி அவன் காலரைக் கொத்தாகப் பிடித்தார். அவன் தோளில் கிடந்த பை நழுவி விழுந்து சில்லறை தெறித்தது. டீக்கடையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்ப எனக்கு மட்டும் என்னடா வந்துச்சு? முப்பது வருசம்! ஒரு ஆட்டுக்குட்டி மேல என் வண்டி ஏறியிருக்குமா? ஒரு நா ஒருத்தன் என்னைய நாக்கு மேல பல்லப் போட்டுப் பேசியிருப்பானா? எந்தக் குத்தத்தக் கண்ட நீ என்கிட்ட? சொல்லுடா!”

பங்கிராஸ் காலரை விடுவித்துக்கொள்ளவில்லை. ஓடி வந்த வினோத்ராஜை, கிட்டே வராதே என்று கையைக் காட்டித் தூரத்திலேயே நிறுத்தினான். பிறகு வேறு யாருக்கும் கேட்டுவிடாதபடி சுருளியாண்டியின் காதோரம் குனிந்தான்.

“வண்டி ஓட்டும்போதே நீ தூங்கிர்ற மாப்ள.”