ஆள் தேடிய செலவு

வீட்டை விற்க வந்த தையல்காரம்மா, வக்கீல் அலுவலகத்தில் கட்டணச் சீட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படிக்கிறாள். பத்திரம் எழுதும் கூலி, வில்லங்கச் சான்றுச் செலவெல்லாம் முன்பே சொன்னவை. கடைசி வரி மட்டும் புதிது. மின்விசிறி கடகடக்கிறது. "இது என்ன சார்?" என்கிறாள். "வீடு உங்க தம்பி பேர்லயும் இருக்கேம்மா. கையெழுத்து வாங்க அவரைத் தேடிக் கண்டுபிடிச்ச செலவு" என்கிறார் குமாஸ்தா. பதினெட்டு வருடமாக முகம் கொடுத்துப் பேசாத தம்பி. கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறாள். "என்னைப் பத்தி ஏதாவது கேட்டானா?" குமாஸ்தா பேனாவின் மூடியைத் திருகுகிறார். "கையெழுத்துப் போட்டார்மா. உடனே கிளம்பிட்டார்." அவள் தலையாட்டிவிட்டுப் பத்திரத்தைத் தன் பக்கம் இழுக்கிறாள். தம்பியின் கையெழுத்துக்குப் பக்கத்தில் அவளுக்கென்று நிறைய இடம் விட்டிருக்கிறார்கள். அவளோ அவன் பெயரை ஒட்டி, நெருக்கமாக, தன் பெயரை எழுதுகிறாள்.