அடிவயிற்றில் ஒரு கை

வைக்கச் சொன்ன பிறகும் அவன் கை அந்தரத்திலேயே நின்றது.

"வைங்கண்ணா. உங்க சம்சாரம்தானே, என்ன கூச்சம்?" என்று பிசியோதெரபிஸ்ட் சிரித்தாள்.

சின்னப் பெண். கல்லூரி முடித்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தால் அதிகம்.

கட்டிலில் அவன் மனைவி மல்லாந்து படுத்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. முழங்கால்களுக்கு அடியில் தலையணை. தொளதொளவென்று ஒரு பருத்திச் சுடிதார். இங்கே வருவதற்கென்றே தைத்துக்கொண்டாளாம். நாளெல்லாம் துணியோடு மாரடிக்கிற கட்டிங் மாஸ்டரான அவனுக்கு அது இன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.

இத்தனை வாரமும் அவன் வெளியே வண்டியிலேயே உட்கார்ந்து செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். மாதவிலக்கு வலிக்கு வைத்தியம். பெண்கள் சமாச்சாரம். ஆம்பிளைக்கு அங்கே என்ன வேலை?

இன்று உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். இனி வீட்டிலேயே செய்ய வேண்டுமாம். கூட ஓர் ஆள் வேண்டுமாம்.

ஆள் என்றால் அவன்தான். வேறு யார் இருக்கிறார்கள்?

முதலில் அந்தப் பெண்தான் செய்து காட்டினாள். தொப்புளுக்குக் கீழே உள்ளங்கையைப் பதித்து, "மூச்சை இங்க வரைக்கும் இழுங்க்கா. கீழ இறுக்கிப் பிடிச்சிருக்கறதை விடுங்க. விட்ருங்க" என்றாள்.

வயிறு மெல்ல எழும்பியது. மெல்லத் தாழ்ந்தது. கட்டிலில் கிடந்த உடம்பு முழுவதுமே கொஞ்சம் இளகியதை அவன் பார்த்தான்.

மாதா மாதம் வலிக்குப் பயந்து இடுப்புக்கு அடியில் இருக்கிற தசைகள் இறுகிக்கொள்கின்றன. வருடக்கணக்கில் இறுகி இறுகி, தளர்வதே அவற்றுக்கு மறந்துபோய்விட்டது. இப்போது அந்த இறுக்கமே வலியைக் கூட்டுகிறது. அந்தப் பெண் அவனுக்கு அப்படித்தான் விளக்கினாள்.

அவன் தலையை ஆட்டினான்.

பிறகு கையை வைத்தான்.

பட்டதுதான் தாமதம், வயிறு இறுகியது.

பலகையைப் போல.

தப்பாகத் தெரிந்திருக்குமோ என்று நினைக்கவும் வழியில்லை. துணியைத் தடவிப் பார்த்தே இழுவை சரியில்லை என்று ரோலைத் திருப்பி அனுப்புகிற கை அது. பனியன் கம்பெனியில் அந்தக் கைக்கு அவ்வளவு மரியாதை.

அவள் முகத்தில் ஒன்றுமில்லை. புருவம்கூட அசையவில்லை. வயிறு மட்டும்தான்.

இந்தக் கை அவளிடம் எப்படியெல்லாம் வந்திருக்கிறது என்று அவன் யோசித்தான். யோசிக்காமலேயே இருந்திருக்கலாம்.

மாதவிலக்கு நாட்களில் அவள் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருப்பாள். பின்னாலிருந்து தோளைத் தொடுவான்.

"முடிஞ்சுதா?"

அவ்வளவுதான் கேட்டிருக்கிறான். வலிக்கிறதா என்று கேட்டதேயில்லை. கேட்டால் வாயிலிருந்து முத்தா உதிர்ந்துவிடும்?

தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இது அவனுக்கு வரவே வராத வலி. அந்தத் தைரியத்தில் என்னென்னவோ பேசியிருக்கிறான். ஊர் உலகத்தில் எந்தப் பொம்பளைக்கும் வராததா உனக்கு வந்துவிட்டது என்று. அவள் தங்கை கல்யாணத்தில், சமையல் கட்டுப் பக்கம் அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, "வேலைன்னா எங்க வீட்டம்மாவுக்கு உடனே வயித்து வலி வந்துரும்" என்று பந்தியில் இருந்தவர்கள் காதில் விழும்படி சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள்.

அவளும் சிரித்தாள். எழுந்துபோய்ப் பாயசம் பரிமாறினாள்.

அவன் வெட்கப்பட்டான். நெஞ்சு முழுக்க வெட்கமாக இருந்தது.

அவள் அதையெல்லாம் மறந்திருக்கலாம். மன்னித்தும் இருக்கலாம். வயிறு அவளைக் கேட்டுக்கொண்டு இறுகவில்லை.

பிசியோதெரபிஸ்ட் குனிந்து பார்த்தாள்.

"என்னாச்சுங்க்கா? இவ்வளவு நேரம் நல்லாத்தானே விட்டீங்க?"

அவன் மனைவியின் முகத்தைப் பார்த்தான்.

சொல்லிவிடட்டும் என்று இருந்தது. இந்தப் பெண்ணின் முன்னால், இப்போதே, எல்லாவற்றையும் சொல்லிவிடட்டும். சொல்லிவிடக் கூடாதே என்றும் இருந்தது.

அவள் கண்ணைத் திறக்கவில்லை.

"இவங்க கை சில்லுன்னு இருக்குதுங்க. அதானுங்க."

அவன் கையைப் பார்த்தான்.

உள்ளங்கை வியர்த்து, காய்ச்சல்காரனுக்குப் போலக் கொதித்துக்கொண்டிருந்தது. எடுத்த இடத்தில் சுடிதார் ஈரமாகியிருந்தது.

"அட, இவ்வளவுதானா? ரெண்டு கையையும் தேச்சுச் சூடு பண்ணிட்டு வைங்கண்ணா."

தேய்த்தான்.

அவள் படுத்தே இருந்தாள். அவன் கை விலகியதும் வயிறு தானாக எழும்பித் தாழத் தொடங்கியது.

அவன் அதையே பார்த்துக்கொண்டு தேய்த்தான்.

"போதுங்கண்ணா. வைங்க."

"இன்னும் சூடாகலைங்க" என்றான்.