ஒரே சம்பளம்

பூரணி, தேயிலைச் செடியைக் கத்தரிக்கும் கவ்வாத்துக் கத்தியைத் துரையின் சப்பாத்துக்கு முன்னால் தரையில் வைத்தாள்.

காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களம் அப்படியே அடங்கிப்போனது. இலங்கைக்குச் சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷமாகியும் அந்த நோர்வூட் பக்கத்துத் தோட்டத்துக்குத் துரை வெள்ளைக்காரர்தான். அவர் முகத்துக்கு நேரே ஒரு பெண் பேசி யாரும் பார்த்ததில்லை.

"ஆம்பளைங்க வெட்டுற அதே தேயிலையத்தான் நாங்களும் வெட்டுறோம். எங்களுக்கு மட்டும் ஏங்க சம்பளம் கொறைச்சல்?"

அந்த வருஷம்தான் துரை முதன்முதலாகப் பெண்களையும் கவ்வாத்து வெட்ட எடுத்திருந்தார். சம்பளம் குறைவு என்றாலும் பூரணிக்கு அந்த வேலை பிடித்துப்போனது. கொழுந்து பறிக்கப் போனால் பொழுது சாயும்வரை மலையில் நிற்க வேண்டும். கவ்வாத்து என்றால் கொடுத்ததை வெட்டி முடித்துவிட்டு மத்தியானமே லயத்து வீட்டுக்குத் திரும்பலாம். புருஷன் செத்த பிறகு, மகளோடு பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவள் சாப்பிட்டது இப்போதுதான்.

சம்பளப் பேச்சை அவள் மனதில் போட்டவர் சங்கத் தலைவர் முத்துலிங்கம். அவரும் கவ்வாத்து வெட்டுகிறவர்தான். ஒரே வேலைக்கு ஏன் ரெண்டு சம்பளம் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டார். பொம்பளைக்காக நிற்பதா என்று ஆண்கள் சிரிப்பார்கள் எனப் பூரணி பயந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. அன்று பெரட்டில் அத்தனை பேரும் அவள் பின்னால் வந்து நின்றார்கள். 

துரை கத்தியைக் காலால் தள்ளிவிட்டுப் போனார். தோட்டம் முழுக்க வேலை நின்றது.

தோட்டத்தில் அரிசி கொடுப்பதை நிறுத்தினார்கள். மரவள்ளிக்கிழங்கை அவித்துச் சாப்பிட்டுக் கிடந்தார்கள். பூரணியை லயத்தை விட்டுக் கிளப்ப ஒருநாள் பொலிஸ் ஜீப் வந்து நின்றது. மகள் அலறிக்கொண்டு அவள் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

முத்துலிங்கம் வந்து வாசலை மறித்து நின்றார்.

"என்னைத் தாண்டித்தான் இந்தப் புள்ளையோட சாமான் வெளிய போகணும்."

அவருக்குப் பின்னால் ஆண்கள் திரண்டு நின்றார்கள். ஜீப் திரும்பிப் போனது.

கடைசியில் துரைதான் இறங்கி வந்தார். கவ்வாத்தில் இனி ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்று எழுத்தில் கொடுத்தார். முத்துலிங்கத்துக்கு மாலை போட்டார்கள். அவர் அதைக் கழற்றிப் பூரணியின் மகள் கழுத்தில் போட்டார்.

மறுநாள் பெரட்டில் கணக்கப்பிள்ளை கவ்வாத்துக்கு ஆள் கூப்பிட்டார். கூப்பிட்ட பெயர் அத்தனையும் ஆண்கள். பெண்கள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு கொழுந்து மலைக்குப் போகும்படி சொல்லிவிட்டார். பழைய சம்பளத்துக்கே.

பூரணி கூடையை எடுக்கவில்லை. கத்தி தீட்டிக்கொண்டிருந்த முத்துலிங்கத்திடம் ஓடினாள்.

"தொரை நம்மளை ஏமாத்திட்டாருண்ணே. வாங்க, இன்னைக்கே மறுபடி வேலைய நிப்பாட்டுவோம்."

முத்துலிங்கம் எழுந்திருக்கவில்லை. கத்தியின் முனையை விரலால் தடவிப் பார்த்தார்.

"அவரு ஏமாத்தலம்மா. கொறைஞ்ச சம்பளத்துக்கு நீங்க கெடைச்சா, அப்புறம் எங்களை யாரு கவ்வாத்துக்கு எடுப்பா? ஒரே சம்பளம்னு ஆயிட்டா பொம்பளைய எடுக்க மாட்டாரு. அது தெரிஞ்சுதான் நாங்க அத்தனை பேரும் ஒன் பின்னால நின்னோம்."