ஏழாவது கேள்வி

மத்தியானத்தில் சலூன் காலியாக இருந்தது. சுழல் நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவளுக்குப் பின்னால், சட்டைப்பையில் சீப்போடு, அப்பா தேர்வு அதிகாரியாக நின்றுகொண்டிருந்தார்.

நாளைக் காலை வாய்மொழித் தேர்வு.

பள்ளியில் அவள் எடுத்திருந்த வெளிநாட்டு மொழியில் ஆறு கேள்விகள் கேட்பார்கள். மூன்று வினாடிக்குள் பதில் வராவிட்டால் அந்தக் கேள்விக்கு முட்டை மார்க்.

அப்பாவுக்கு அந்த மொழியில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது. அதனால் ஆறு கேள்விகளையும் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தாள். தாள் கைக்கு வந்ததிலிருந்து மனிதர் மேடையேறப் போகிறவர் மாதிரி தொண்டையைச் செருமிக்கொண்டிருந்தார்.

முதல் கேள்வி, பெயர் என்ன என்பது. அதைப் போய் அப்பா தாலாட்டு மாதிரி இழுத்துப் படித்தார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"சிரிக்காதம்மா. அதிகாரி முன்னாடி சிரிச்சா மார்க்கக் கொறச்சிருவாங்க."

அடுத்தது வீட்டைப் பற்றி. கடகடவென்று சொன்னாள். மாடி வீடு, தோட்டம், ஒரு வெள்ளை நாய். உண்மையில் அவர்கள் வீடு சலூனுக்குப் பின்னால் ஒன்றரை அறை. எலிகள் உண்டு, நாய் கிடையாது.

இதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. நாக்கு புரள்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், யாரும் வீடு தேடி வரமாட்டார்கள் என்று டீச்சரே சொல்லியிருந்தார். ஆகவே மொத்த வகுப்பும் ஒரே கையேட்டை நெட்டுருப் போட்டது. முப்பத்திரண்டு பேர் வீட்டிலும் ஒரே பெயரில் ஒரே வெள்ளை நாய் வளர்ந்தது.

மூன்றாவது கேள்வியையும் அப்பா அதே தாலாட்டு ராகத்தில் கேட்டார். உங்கள் அப்பா என்ன வேலை செய்கிறார்?

"எஞ்சினியர்" என்றாள் அந்த மொழியில். பெரிய அலுவலகம், ஏழாவது மாடி, தினமும் வெள்ளைச் சட்டை.

அதுவும் கையேட்டில் இருந்ததுதான். ஆனால் பழி முழுவதையும் கையேட்டின் தலையில் போட முடியாது. முடிதிருத்துபவர் என்பதற்கு அந்த மொழியில் உள்ள சொல்லை, கையேடு கிடைத்த முதல் வாரமே அகராதியில் கண்டுபிடித்திருந்தாள். ஆறே எழுத்து. கீழே பென்சிலால் கோடுகூடப் போட்டிருந்தாள்.

தேர்வு நடக்கும்போது பின் பெஞ்சுகளில் வகுப்பே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும். அதை நினைத்ததும் அகராதியை மூடிவிட்டு எஞ்சினியரையே நெட்டுருப் போட்டாள்.

ஓரக்கண்ணால் கண்ணாடியைப் பார்த்தாள். அப்பா மும்முரமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தார்.

அவர் தொழில் அப்படி. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் அண்ணன் தம்பி இருவர் சொத்துக்காகக் கட்டிப் புரண்டாலும் அவர் கண் கிருதாவில்தான் இருக்கும். சலூனில் பேசுவது எதுவும் காதில் விழக்கூடாது. இரண்டு வருடமாக மகள் இதே நாற்காலியில் கைப்பேசியில் பாடங்களை ஒலிக்கவிட்டு, ஒவ்வொரு வாக்கியத்தையும் அர்த்தத்தோடு பத்துப் பத்துத் தடவை கத்தியிருக்கிறாள். அவர் பாட்டுக்குக் குனிந்து முடியைக் கூட்டிக்கொண்டிருப்பார். ஒரு நாளாவது நிமிர்ந்து பார்த்ததில்லை.

நல்லவேளை, அவருக்குப் புரியாது என்று நினைத்தாள். நினைத்ததும் தன் மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது.

நான்கு, ஐந்து, ஆறு எல்லாம் தங்கு தடையில்லாமல் போயின. கைப்பேசியில் ஓடிய வினாடிக் கணக்கை நிறுத்திவிட்டு எழுந்திருக்கப் போனாள்.

தோளில் ஒரு கை விழுந்தது. பிடரியைச் சரிசெய்வதற்குள் எழுந்துவிடும் வாடிக்கையாளர்களை அப்பா அப்படித்தான் அழுத்தி உட்காரவைப்பார்.

தாளை நான்காக மடித்துப் பையில் வைத்தார். சீப்பை எடுத்து, அவள் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிவிட்டார்.

பிறகு கேட்டார். அந்த மொழியிலேயே, இழுக்காமல், இரண்டு வருடமாக இந்தச் சலூனில் ஒலித்த பாடக் குரலின் அதே ஏற்ற இறக்கத்தோடு.

"அந்த எஞ்சினியருக்கு முடி வெட்டிவிடுவது யார்?"

தாளில் அப்படி ஒரு கேள்வியே இல்லை.

முன்னால் ஒரு கண்ணாடி, பின்னால் ஒரு கண்ணாடி. இரண்டுக்கும் நடுவில் ஏழெட்டு அப்பாக்கள் வரிசையாக நின்று பதிலுக்குக் காத்திருந்தார்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலையே என்று இருந்தது அவளுக்கு.

ஒரு வினாடி போனது. இரண்டு. மூன்றும் போனது.

கையேட்டை மனசுக்குள் முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பார்த்தாள். இதற்கு அதில் பதில் இல்லை.

"என் அப்பா" என்றாள் அந்த மொழியில். பிறகு, அவர் என்ன வேலை செய்கிறார் என்பதையும் அந்த ஆறு எழுத்துச் சொல்லால் சொன்னாள்.

அப்பா சீப்பைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"மூணு செகண்ட் தாண்டிருச்சும்மா. நாளைக்கு உடனே சொல்லிடு."